தீவுக்கு எந்தப் படகு?

மைக் பொத்தானை அழுத்துவதற்கு முன் அக்கா தலைமுடியைக் கோதிவிட்டுக்கொள்வார். நெற்றியில் விழுந்த நரையைக் காதுக்குப் பின்னால் செருகுவார், கழுத்துச் சங்கிலியை நேராக்குவார், தொண்டையைச் செருமிக்கொள்வார். அதன் பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." அந்தக் குரலைக் கேட்கிற அத்தனை பேரில் அநேகமாக ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அறிவிப்பு அறைக்கு இருப்பது ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல், அதிலும் பாதியை ஒரு மேசை விசிறி மறைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டால், "பாக்காட்டி என்ன? தலை கலைஞ்சிருந்தா குரலும் கலைஞ்சு போகும்" என்பார்.

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. டிரைவர்களுக்கு, பெருக்குகிறவர்களுக்கு, அவரைவிட வயதில் மூத்த டைம் கீப்பருக்குக்கூட அக்காதான். நான் அடுத்த அறையில் தொலைந்த பொருள்களைப் பாதுகாப்பவள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு திறப்பு. அந்த வழியாகத் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஊர்க்கதை எல்லாம் போய் வரும்.

அக்காவிடம் இரண்டு தமிழ் உண்டு. "நடைமேடை மூன்றிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று மைக்கில் கணீரென்று சொல்லி முடிப்பார். பொத்தானிலிருந்து விரலை எடுத்த கையோடு, "தயாராவா? டிரைவர் இன்னும் டீக்கடையில சிரிச்சுட்டு நிக்கிறான்" என்று என்னிடம் சொல்வார். சிக்கல் என்னவென்றால் அந்தப் பொத்தான் பழையது. சில சமயம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டாவது வாக்கியமும் ஒலிபெருக்கியில் போய்விடும். ஒரு தடவை டிரைவர் பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவந்ததை நானே பார்த்தேன். புதுப் பொத்தான் போடச் சொல்லி மேலே கேட்டால், "அதான் வேலை செய்யுதே" என்று பதில் வந்தது.

எந்த ஊருக்கு எந்த வண்டி, எப்போது, எந்த நடைமேடை என்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எதையும் எழுதிவைத்துப் பார்த்ததில்லை. வழி கேட்டு ஜன்னலுக்கு வருகிறவர்கள் கேள்வியை முடிப்பதற்குள் பதில் தயாராக இருக்கும். ஊரில் இவ்வளவு தெளிவான தலை வேறு யாருக்கும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அந்தத் தலையைத்தான் ஒரு தீவு போட்டுக் குழப்பிவிட்டது.

ஒரு நாள் காலை திறப்பில் முகத்தை வைத்து, "ஏண்டி, தீவுக்கு எப்படிப் போறது?" என்றார்.

துறைமுகச் சுவரில் நின்று பார்த்தால், வானம் தெளிவாக இருக்கிற நாட்களில் பச்சைக் கோடு போலத் தெரிகிற தீவு அது. காலையில் போய்க் கடற்கரையில் இருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். போய் வந்தவர்கள்தான் குறைவு. அக்கா போனதில்லை. நானும்தான்.

"என்ன திடீர்னு?" என்றேன்.

"எனக்கு இல்லடி. மருமகளுக்கு."

அக்காவின் கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கல்யாணம் முடிந்து, விடுப்பும் முடிந்து, கப்பலேறிப் போய்விட்டான். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். அந்தப் பெண் வீட்டிலிருந்தபடியே கணினியில் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறாள். காதில் எப்போதும் இயர்போன். அக்கா பகல் முழுக்கக் கத்திவிட்டு வீடு திரும்பும்போது தொண்டை நார் நாராகக் கிழிந்திருக்கும். வீட்டிலாவது குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆக, அந்த வீட்டில் ஒரு நாளைக்கு நடக்கிற மொத்தப் பேச்சையும் அக்கா எனக்கு இரண்டு குரலில் நடித்துக் காட்டினார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்தை."

"ஃபேன் போடவா?"

"வேண்டாம் அத்தை."

"அவ்வளவுதாண்டி" என்றார். "லாட்ஜுல ரூம் எடுத்துத் தங்கின மாதிரி இருக்கா. காலைல எந்திரிச்சு அந்தப் போர்வையை மடிச்சு வெப்பா பாரு, ஒரு சுருக்கம் இருக்காது. எப்ப வேணா கெளம்பிடலாம்னு மடிக்கிற மாதிரி இருக்கும்."

அந்த நிலையில்தான் முந்தின நாள் மருமகள் தன் அம்மாவோடு போனில் பேசுவது காதில் விழுந்திருக்கிறது. முழுதாக விழவில்லை. ஒரே ஒரு வார்த்தை: தீவு. அக்காவைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது.

"ஆசை போலருக்குடி. என்கிட்ட கேக்கக் கூச்சம். நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

"அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்களேன் அக்கா."

"கேட்டா 'வேண்டாம் அத்தை'ம்பா. அவளுக்குத் தெரிஞ்ச ஒரே பதில் அதுதான். சொல்லாம கூட்டிட்டுப் போய்க் கடல் முன்னாடி நிறுத்தணும். அப்ப என்ன சொல்றான்னு பாக்கலாம்."

யாருக்காகப் போகிறோமோ அவளிடம் கேட்பதில்லை என்று முடிவாகிவிட்டதால், மற்ற எல்லோரிடமும் கேட்க வேண்டியதாயிற்று.

முதலில் டைம் கீப்பர். "தீவுக்கா? முன்பக்கக் கடற்கரைக்குப் போங்க அக்கா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். பின்பக்கம் போயிடாதீங்க, ஒரே பாறை" என்றார். அக்கா தலையாட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் ஒரு டிரைவர், "முன்பக்கம் போகவே போகாதீங்க, காலைக் கிழிச்சிடும். பின்பக்கம்தான் நல்ல மணல்" என்றார். இருவரையும் ஜன்னலுக்கு வரவழைத்து நேருக்கு நேர் நிறுத்தினார் அக்கா. சண்டை முற்றி, இரண்டு வண்டிகள் தாமதமாகி, கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. டைம் கீப்பருக்கு ஊரைப் பார்க்கிற பக்கம் முன்பக்கம். டிரைவருக்குப் பெருங்கடலைப் பார்க்கிற பக்கம் முன்பக்கம்.

"தீவுக்கு ஏதுய்யா மூஞ்சி?" என்றார் அக்கா. "அப்ப ரெண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொல்றீங்களா?"

அவர்கள் யோசித்தார்கள். கைகளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். ஒரே இடம் இல்லை என்று இருவருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது படகு. பழைய துறையிலிருந்து பெரிய படகு போகும், மெதுவாகப் போகும், குலுக்காது. புதுத் துறையிலிருந்து விசைப்படகு போகும், சீக்கிரம் போகும், குடலைப் பிடுங்கிவிடும். பெரிய படகில்தான் குமட்டும் என்று சொன்னவர்களும் உண்டு. முன்னால் உட்காரணும், இல்லை, பின்னால் உட்காரணும், கண்ணை மூடிக்கணும், இல்லை, தூரத்தில் ஒரு புள்ளியையே பார்க்கணும். தானே கேட்டுவிடுவது என்று அக்கா படகு அலுவலகத்துக்குப் போன் போட்டார். நான் திறப்பில் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

"காலைல மொதப் படகு எத்தனை மணிக்குங்க?"

"தண்ணி ஏறினதும் எடுப்போம்மா."

"எத்தனை மணிக்கு ஏறும்?"

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம்."

"அதெப்படிங்க? ஒரு நேரம் காலம் வேண்டாமா?"

"அதை நிலாகிட்ட கேளுங்க" என்று அந்த ஆள் வைத்துவிட்டார்.

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பஸ்ஸுன்னா நேரத்துக்கு வரும். இல்ல லேட்டா வரும். நிலாவைக் கேட்டுக்கிட்டுக் கெளம்பற வண்டியை நான் பார்த்ததே இல்லடி" என்றார். அன்று மாலை கடைசி அறிவிப்பில் அவர் குரலில் முதன்முறையாக ஒரு சந்தேகம் தொனித்தது. புறப்படும் என்று சொல்கிற இடத்தில் நாக்கு கொஞ்சம் தயங்கியது.

வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் கிரீம் வாங்கப் போன கதை தனி. கடைப்பெண் முப்பதா ஐம்பதா என்று கேட்டிருக்கிறாள். "எனக்கு அம்பதுக்கு மேலதான், ஆனா பூசப்போறது சின்னப் பொண்ணு" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அது வயது இல்லை, கிரீம் வெயிலைத் தடுக்கிற அளவு என்று விளங்கவைப்பதற்குள் கடையில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். அடுத்து, "என்ன ஸ்கின்னுங்க?" என்று கேள்வி வந்ததாம். "மனுஷ ஸ்கின்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, கேட்கக் கேட்க அந்தத் தீவு அவரை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தபோது கையில் ஒரு தீர்மானமும் இல்லை.

அன்று பிற்பகல் நிலையத்தில் நல்ல கூட்டம். அக்கா ஒரு வண்டியை அறிவித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி, திறப்பில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார்.

"விட்டுடலாம்னு இருக்கேண்டி" என்றார். "ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன். சாப்பாட்டுக்கு என்ன எடுத்துட்டுப் போறதுன்னு நேத்து யோசிச்சேன். முட்டை அவிக்கலாம்னு தோணுச்சு. அந்தப் பொண்ணு முட்டை சாப்பிடுவாளான்னு எனக்குத் தெரியலை. ஒரே வீட்டுல இருக்கோம், தெரியலை. வீட்டுக்குப் போனதும் அவ கதவுகிட்ட நிப்பேன். நல்லா இருக்கியாம்மான்னு கேக்கணும். தொண்டை இருந்தா தைரியம் இருக்காது, தைரியம் வந்தா தொண்டை இருக்காது. அவ போயிட்டான்னா பையனுக்கு என்ன பதில் சொல்றதுங்கற கவலை இல்லடி எனக்கு. அவ இல்லாத வீட்டைச் சாயங்காலம் போய்த் தொறக்கணுமே. அதுதான்."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் வெளியே சத்தம் அடங்கிப் போயிருப்பதைக் கவனித்தேன். பழ வியாபாரியின் கூவல் இல்லை. கண்டக்டர்களின் கத்தல் இல்லை. ஜன்னல் வழியே தெரிந்த அத்தனை பேரும் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொத்தான் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கையில் அகப்பட்டது யாரோ தொலைத்த ஒரு நீளக் குடை. அதைத் திறப்பு வழியே நீட்டி பொத்தானில் ஒரு குத்து குத்தினேன். விளக்கு அணைந்தது. அக்கா விளக்கையும் குடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்து முகம் சிவப்பதற்குள், ஜன்னலில் யாரோ விரலால் தட்டினார்கள்.

மருமகள். பக்கத்தில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி.

"எங்கம்மா கெளம்பிட்டே?" என்றார் அக்கா.

"அம்மா வீட்டுக்கு, அத்தை. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்னு வந்தேன். வந்துட்டு, சொல்ல முடியாம அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள், உள்ளே தள்ளினாள், மறுபடி இழுத்தாள்.

அக்கா ஒன்றும் விளங்காமல் விழித்தார். "அப்ப ஞாயித்துக்கிழமை தீவு?"

"எந்தத் தீவு அத்தை? அதுதான் எனக்குப் புரியலை. இந்தப் பக்கம் எல்லாரும் தீவு தீவுங்கறாங்க. பெருக்கற அம்மாகூட என்கிட்ட, தீவுக்குப் போறியாமேன்னு கேட்டாங்க."

"நீதானேம்மா சொன்னே? உங்க அம்மாகிட்ட போன்ல. என் காதால கேட்டேன்."

அவள் யோசித்தாள். நினைவு வந்ததும் தலை குனிந்துகொண்டது. "அது... இந்த வீடு தீவு மாதிரி இருக்கும்மான்னு சொல்லிட்டு இருந்தேன். பேச ஒரு ஆள் இல்லன்னு."

அக்கா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க என்கிட்ட பேசவே மாட்டீங்க அத்தை" என்றாள் அவள். "இங்க வந்தா ஊருக்கே பேசறீங்க. என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

"டாக்டர்..." என்று தொடங்கிய அக்கா தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து டைம் கீப்பர் கதவைத் தட்டினார். "அக்கா, வண்டி வந்து நிக்குது. அறிவிப்புக் குடுங்க!" எந்த வண்டி என்று மூவருக்கும் தெரிந்தது. மருமகளின் அம்மா ஊருக்குப் போகிற வண்டி.

அக்கா முடியைக் கோதிவிட்டார். சங்கிலியை நேராக்கினார். பொத்தானை அழுத்தி, பயணிகளின் கனிவான கவனத்தைக் கேட்டு, ஊர்ப் பெயரைச் சுத்தமாக உச்சரித்து, வண்டி நடைமேடை ஏழில் நிற்பதாகச் சொன்னார். வண்டி நின்றது இரண்டில்.

மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம் ஏழை நோக்கி ஓடியது. அங்கே காலித் தரையைப் பார்த்துத் திகைத்து நின்றது. டைம் கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா திடுக்கிட்டு மறுபடி பொத்தானை அழுத்தி, "தவறுக்கு வருந்துகிறோம், நடைமேடை இரண்டு" என்றார். கூட்டம் திட்டிக்கொண்டே திரும்பி ஓடிவந்தது. நல்லவேளை, டிரைவர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டுதான் எடுத்தார்.

நான் பார்க்க அக்கா நடைமேடையைத் தவறாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். வாய் தவறியா, வேண்டுமென்றா என்று பிறகு பலமுறை கேட்டுவிட்டேன். "எனக்கே தெரியலைடி" என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

மருமகள் ஏழுக்கும் ஓடவில்லை, இரண்டுக்கும் ஓடவில்லை. ஜன்னலருகிலேயே நின்று கூட்டம் அங்குமிங்கும் ஓடியதைப் பார்த்தாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வண்டி வாசலைத் தாண்டிப் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"முட்டை சாப்பிடுவேன் அத்தை. மஞ்சக்கரு மட்டும் வேண்டாம்."

"கடல் பிடிக்குமா?" அக்கா சட்டென்று கேட்டார்.

"பிடிக்காது. உங்க பிள்ளையை அதுதானே பிடிச்சு வெச்சிருக்கு."

"அப்ப வேண்டாம். விடு. எங்கயும் போக வேண்டாம்."

"போகலாம் அத்தை. பஸ் ஸ்டாண்டு பூரா தெரிஞ்சாச்சு. போகலேன்னா திங்கக்கிழமை உங்களைத்தான் கேப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். "நடுவுல உக்காந்துக்கோ. எங்களுக்குப் பேச்சு வரலேன்னா நீ பேசு" என்று அக்கா உத்தரவு போட்டிருந்தார். பழைய துறைக்குப் போனோம், அன்று பெரிய படகு புதுத் துறையிலிருந்து புறப்படுகிறது என்றார்கள். புதுத் துறைக்கு ஓடினோம், பெரிய படகு என்று அவர்கள் காட்டியது சின்னதாக இருந்தது. முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்று அக்கா நின்று யோசிப்பதற்குள் மற்ற இடமெல்லாம் நிறைந்து, கிடைத்தது நடு பெஞ்சு. குடை எடுக்கவில்லை. காற்றில் பறந்துவிடும் என்று ஒருவரும், கட்டாயம் வேண்டும் என்று இன்னொருவரும் சொல்லி, அந்த வாதம் முடியாமலே கிளம்பியிருந்தோம்.

துறைமுகச் சுவரைத் தாண்டியதுமே மருமகளுக்குக் குமட்ட ஆரம்பித்தது. நான் நடுவில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் உதவவில்லை. அக்கா என்னைத் தாண்டி எட்டி, ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கி, மறு கையால் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நானே எழுந்து இடம் மாறிக்கொண்டேன்.

"சாரி அத்தை... உங்க கையெல்லாம்..."

"கை கழுவினாப் போயிடும். நீ வாயைத் தொடச்சுக்கோ."

வழி முழுக்க இப்படியே போனது. டைம் கீப்பர் சொன்ன புள்ளியையும் பார்த்தாள், டிரைவர் சொன்னபடி கண்ணையும் மூடினாள். குமட்டல் எதற்கும் கேட்கவில்லை. கரையில் இறங்கியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

இறங்கிய இடம் முன்பக்கமா பின்பக்கமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பாறை இல்லை. வெள்ளை மணல், அதற்கு அப்பால் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்த சூரியன். தென்னைகள் எங்களுக்குப் பின்னால் இருந்தன. அவற்றின் நிழல் இன்னும் பின்னால், புதர்ப் பக்கமாக விழுந்துகிடந்தது. அதுவரை நடக்க மருமகளுக்குத் தெம்பு இல்லை. விரித்த போர்வையில் சுருண்டு படுத்தாள், படுத்ததும் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது.

அக்கா எழுந்து சுற்றிவந்து அவளுக்கும் கடலுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவருடைய நிழல் அவள் கண்களை மூடியது.

நான் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, சின்னச் சின்ன மீன்கள் விரலைக் கடித்தன. "அக்கா, வந்து பாருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்களே" என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

சூரியன் ஏறியது. நிழல் குட்டையாகி அந்தப் பெண்ணின் நெற்றியை விட்டு நழுவியது. அக்கா மணலில் கையை ஊன்றி, சத்தமில்லாமல், அவள் பக்கமாக ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார்.